இரண்டு சுற்று, ஒரு நொடி

எங்கள் ஊருக்கு டெலிவிஷன் கடல் தாண்டி வந்தது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதியே தொடங்கிவிட்டது. ஆனால் அறுநூறு கிலோமீட்டர் தெற்கே, தாமிரபரணிக் கரையில் இருந்த எங்களுக்கு அது பேப்பரில் படிக்கிற செய்தி மட்டும்தான். 1982 பிப்ரவரி 15இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அவர்களுடைய டவர் பிதுருதலாகல மலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். அதற்கும் எங்களுக்கும் நடுவே மன்னார் வளைகுடா. காற்று அசையாத புழுக்கமான ராத்திரிகளில், கடல்மேல் குளிர்ந்த காற்று ஒரு அடுக்காகவும் அதற்கு மேலே சூடான காற்று இன்னொரு அடுக்காகவும் படுத்துக்கொள்ளும். கீழ் அடுக்கில் மாட்டிக்கொண்ட அலை, வாய்க்காலில் விட்ட தண்ணீர் மாதிரி நெல்லை வரைக்கும் வந்து சேரும்.

அதற்கு முந்தின வருஷம்தான் நான் பாளையங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டிருந்தேன். பேட்டை ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டும் ஒரு சால்டரிங் அயனும்தான் முதல். ரூபவாஹினி வந்ததும் டிவிக்காரன் ஆனேன். நாற்பது அடி ஜி.ஐ. பைப், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி, உச்சியில் ஆன்டெனா, அதற்கு ஒரு பூஸ்டர். மொட்டை மாடியில் நான் பைப்பைத் திருப்புவேன். வாசலில் ஒரு பையன். உள்ளே டிவி முன்னால் வீட்டுக்காரர். “தெரியுதா?” “கொசு பறக்குது!” “இப்ப?” “ஆள் தெரியுது, ரெண்டு ரெண்டாத் தெரியுது!” தென்கிழக்கே இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் சிங்களத்தில் செய்தி வாசிக்கிற பெண் பளிச்சென்று வந்து நிற்பார். ஒரு வார்த்தை புரியாது. தெருவே உட்கார்ந்து பார்க்கும்.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் டவர் வந்தபோது அதே ஆன்டெனாக்களை நேர் வடக்கே திருப்பி வைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு தடவை கூலி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, தமிழுக்கு முறை வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு படம். பழைய சினிமா என்று டிவியில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். பாகவதர் ஒரு பாட்டுப் பாடுவார், அடுத்து ஜெமினி கணேசன் படகில் வருவார். யார் எடுத்தார்கள், எந்தக் கேமராவில் எடுத்தார்கள், எடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒருவரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

1986 இருக்கும். கொக்கிரகுளம் பக்கமிருந்து ரிட்டையர் ஆன இங்கிலீஷ் பேராசிரியர் ஒருவர் தன் டெக்கை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். கூடவே ஒரு மஞ்சள் பையில் ஐந்து வீடியோ கேசட். லண்டனில் இருக்கிற மகன் அங்கே டிவியிலிருந்து பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்ததாம். “தம்பி, ஹெட்ல ஏதோ அழுக்குன்னு நெனைக்கேன். படம் பூரா கோடு விழுது. டெக் போனாலும் பரவாயில்ல, கேசட்டைக் கடிச்சிரக் கூடாது” என்றார். அமெரிக்கக் கேசட் என்றால் என்.டி.எஸ்.சி., நம் டெக்கில் படம் உருண்டு உருண்டு ஓடும். லண்டன் நம்மைப் போலவே பால் சிஸ்டம் (மாட்டுப் பால் இல்லை), அதனால் வம்பில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் தாளை ஹெட்டில் ஒட்டிப் பிடித்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். தாள் கறுத்தது. கேசட்டைப் போட்டேன்.

அப்படித்தான் ‘ஹாலிவுட்’ தொடர் என் கடை மேஜையில் ஓடத் தொடங்கியது. லண்டன் தேம்ஸ் டெலிவிஷன் 1980 ஜனவரியில் ஒளிபரப்பத் தொடங்கிய தொடர் அது. மொத்தம் 13 பகுதிகள், பூராவும் அமெரிக்க ஊமைப்படக் காலத்தைப் பற்றி. எடுத்தவர்கள் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும். பின்குரல் ஜேம்ஸ் மேசன், இசை கார்ல் டேவிஸ். பிரவுன்லோ பள்ளிக்கூட வயதிலிருந்தே தூக்கிப்போட்ட ஊமைப்படச் சுருள்களைப் பொறுக்கிச் சேர்த்தவர் என்றும், 1968லேயே அந்தக் காலத்து ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசி ஒரு புத்தகம் போட்டவர் என்றும் பேராசிரியர் சொன்னார். டெக் சரியான பிறகும் அவர் அதை வீட்டுக்குத் தூக்கிப் போக அவசரப்படவில்லை. சாயங்காலம் வருவார், டீ வாங்கி வரச் சொல்வார், ஒரு பகுதி பார்ப்போம். இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும், மீதியை அவர் சொல்வார்.

தொடரில் பழைய படத் துண்டுகள் உண்டு, நன்றாகவே இருக்கும். என்னைப் பிடித்து உட்கார வைத்தவர்கள் கிழவர்களும் கிழவிகளும்தான். வயோலா டானா என்று ஒரு பாட்டி, அந்தக் கால நடிகை. ஓர்மர் லாக்லியர் என்ற விமான சாகசக்காரனைக் காதலித்தவர். 1920 ஆகஸ்டில் ராத்திரிப் படப்பிடிப்பு. சர்ச்லைட் வெளிச்சத்தில் விமானம் தலைகீழாக இறங்கியது, இறங்கியபடியே போய்த் தரையில் மோதியது. இவர் அங்கேயே நின்று பார்த்திருக்கிறார். ஐம்பத்தைந்து, அறுபது வருஷம் கழித்துக் கேமரா முன்னால் அதைச் சொல்கிறார். ஹெரால்டு லாயிட் கடிகார முள்ளில் தொங்குகிற படம் எல்லோருக்கும் தெரியும். லாயிட்டுக்காக உயரத்தில் தொங்கியவர்களில் தானும் ஒருவன் என்று ஹார்வி பாரி என்கிற ஸ்டன்ட் கிழவர், லாயிட் 1971இல் கண்ணை மூடிய பிறகுதான் வாயைத் திறக்கிறார். டைரக்டர்கள் கிங் விடோர், ஆலன் டுவான், நடிகை குளோரியா ஸ்வான்சன் என்று வரிசையாக உட்கார்ந்து பேசினார்கள். தொடர் வெளிவந்த நாலு வருஷத்துக்குள் இந்த மூன்று பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிரவுன்லோ ரயில் கிளம்புகிற நேரத்தில் ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறியவர்.

என் அப்பா டவுணில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து 1978இல் ஓய்வு பெற்றவர். கார்பன் குச்சி எரிகிற வெளிச்சத்தை முப்பது வருஷம் பார்த்ததில் கண்ணோரம் எப்போதும் சிவந்திருக்கும். அதற்கும் முன்னே, பன்னிரண்டு வயதில், ஊர் ஊராகப் போகிற ஒரு ஊமைப்படக் கொட்டகையில் கைப்பிடி சுற்றுகிற பையனாகச் சேர்ந்தவர். 1930, 31 வாக்கில். அப்போது கிராமத்துப் பக்கம் கரண்ட் ஏது. பாபநாசம் நீர்மின் நிலையமே 1944இல்தான் வந்தது. படப்பெட்டியும் மெஷினும் மாட்டு வண்டியில், அதன் பின்னால் இவர்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா கடைக்கு வந்தார். டிவியில் ஒரு ஊமைப்படத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் படியிறங்கி வருகிறாள், அவ்வளவுதான். அப்பா செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

“ஏல, திருப்பிப் போடு.”

போட்டேன்.

“யாரோ வெவரமான ஆளு சுத்தியிருக்காம்ல.”

“அப்பா, இது லண்டன் டிவி. யாரும் சுத்தல.”

“பின்ன எப்படி நடக்கா? ஊமைப்படத்துல எல்லாவனும் ஓடத்தானல செய்வான்?”

பேராசிரியர் எழுந்து தன் நாற்காலியை அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே வலது கையால் காற்றில் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக் காட்டினார். ஒரு சுற்றுக்கு எட்டுப் படம் நகரும். நொடிக்கு இரண்டு சுற்று, அப்படியானால் பதினாறு படம். கேமராவையும் அதே மாதிரி கையால்தான் சுற்றினார்கள். பேசும்படம் வந்த பிறகு நொடிக்கு 24 படம் என்று மோட்டார் வைத்து நிலைநிறுத்தினார்கள், ஏனென்றால் சத்தம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். பதினாறில் எடுத்ததை இருபத்து நாலில் ஓட்டினால் சாவு வீட்டில் அழுகிறவள்கூடக் குதிப்பாள். அதைப் பார்த்துத்தான் ஊமைப்படம் என்றாலே கோமாளித்தனம் என்று உலகமே நினைத்துக்கொண்டது. பிரவுன்லோ அந்தத் தப்பைச் செய்யவில்லை. அந்தந்தப் படத்துக்கு எது சரியான வேகம் என்று பார்த்து டிவிக்கு மாற்றியிருந்தார். தொடர் பார்த்த லண்டன்காரர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ! பேட்டை வண்டிப்பாதையில் மெஷினோடு நடந்த கிழவர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

அன்றைக்கு அப்பா உற்சாகத்தில் இருந்தார். எடி போலோ என்ற பெயரை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். யூனிவர்சல் கம்பெனியின் தொடர் படங்களில் குதிரையும் குத்துச்சண்டையுமாக வருகிறவர், தமிழ்நாட்டில் அந்தக் காலத்துப் பெரிய ஹீரோ. திரைக்குப் பக்கத்தில் நீளக் கம்போடு ஒரு ஆள் நின்று கதை சொல்வாராம். எழுத்து வந்தால் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும், வராவிட்டால் சொந்தமாக விட வேண்டும். வெள்ளைக்காரி அழுதால் அவர் நம்ம ஊர்ப் பாஷையில் ஒப்பாரி வைப்பார். அவள் என்ன சொன்னாள் என்று அமெரிக்காவுக்கே தெரியாது, எங்கள் கொட்டகைக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார். சண்டைக்கு மேளம் தனி. முதல் ஆட்டம் இழுத்துவிட்டால் இரண்டாவது ஆட்டத்துக்கு முதலாளி விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டுவார், பையன் வேகமாகச் சுற்ற வேண்டும். ஹீரோவுக்கும் கால் வேகமாகப் போகும்.

பேராசிரியர் திரையில் பேசிக்கொண்டிருந்த கிழவரைக் காட்டி, “எப்படி இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கார் பாருங்க” என்றார். அப்பா சொன்னார்: “அவன்ட்ட ஒருத்தன் போயிக் கேட்டிருக்காம்லா சார். அதான் சொல்லுதான்.”

அப்போது என் மேஜையில் ரிப்பேருக்கு வந்த டேப்ரெக்கார்டர் நாலோ ஐந்தோ இருந்தன. சரிபார்க்க எல்லாவற்றிலும் ‘ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்று என் குரலையே பதிந்து அழித்துக்கொண்டிருந்தேன்.

இந்த விஷயத்தைப் பிறகு பல வருஷம் தோண்டினேன். தென்தமிழ்நாட்டில் ஊமைப்படத்தின் வேர் எங்கே என்று தேடினால் நெல்லையிலிருந்து ஒரு பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் அகஸ்தீஸ்வரம் வரும். கன்னியாகுமரிக்குப் பக்கம். ஜே.சி. டேனியல் அங்கேதான் கடைசிக் காலத்தைக் கழித்தார். திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, நிலத்தை விற்று, 1930ஐ ஒட்டி ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தவர். கதை, கேமரா, டைரக்‌ஷன், கதாநாயகன் எல்லாம் அவரே. நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி, தலித் பெண். அதைப் பொறுக்காத மேல்சாதிக்காரர்கள் கேபிடல் தியேட்டரில் ரகளை செய்தார்கள், கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டே ஓடி, நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்தார் என்று அவரைத் தேடியவர்கள் சொல்கிறார்கள். டேனியலுக்குப் படத்தில் போட்ட பணம் போயிற்று, பிறகு பல் வைத்தியராகப் பிழைத்தார். படச்சுருள் வீட்டுச் சின்னப் பையன் கையில் விளையாட்டுப் பொருளாகி எரிந்து போனது. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் அறுபதுகளில் அகஸ்தீஸ்வரத்துக்கே போய் அவரைக் கண்டுபிடித்துக் கேட்டு எழுதியதால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது. கேட்டது நோட்டுப் புத்தகத்தோடு, கேமராவோடு இல்லை. டேனியல் இறந்தது 1975 ஏப்ரல் 27. சென்னையில் டிவி தொடங்கியதற்கு மூன்றரை மாதம் முன்னால்.

நாகர்கோவில் சுந்தரராஜ் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ கதை இதைவிட வேடிக்கை. 1933இல் வந்த படம். படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளரான கமலாலயா புக் டிப்போ, எங்கள் அனுமதி இல்லாமல் எடுத்தீர்கள் என்று கோர்ட்டுக்குப் போனது. படம் முடங்கியது. படம் எடுத்தவர் நொடித்தார். ஆனால் முடங்கிய அந்தப் பெட்டி பத்திரமாகக் கிடந்தது. பூனாவில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காக பி.கே. நாயர் 1974இல் அதை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊர் ஊராக ஓடி நல்ல வசூல் செய்த படங்களெல்லாம் தேய்ந்து, கிழிந்து, சுருளில் இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டு அழிந்தன. ஓடாத படம் பிழைத்துக்கொண்டது. தென்னிந்திய ஊமைப்படத்தில் நமக்கென்று மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட அது ஒன்றுதான். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இல்லை. முதலியார் எழுபதுகளின் தொடக்கம் வரை உயிரோடு இருந்தவர். பிரவுன்லோ மாதிரி ஒருவர் விளக்கும் கேமராவுமாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால்!

அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் இல்லாமலும் இல்லை. 1927இல் வெள்ளைக்கார அரசு இந்திய சினிமாட்டோகிராஃப் கமிட்டி ஒன்றைப் போட்டது. தலைவர் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய் 353 பேரை நேரில் விசாரித்தார்கள். கேள்வியும் பதிலுமாக அப்படியே அச்சிட்டார்கள். இந்திய ஊமைப்படக் காலத்தைப் பற்றி நேரடியாக விசாரித்து வைத்த பதிவு அதைப் போல வேறில்லை. ஆனால் சர்க்கார் கவலை வேறு: அமெரிக்கப் படம் இப்படிக் கொட்டுகிறதே, பிரிட்டிஷ் படத்துக்கு இடம் வேண்டாமா, வெள்ளைக்காரப் பெண்களைத் திரையில் பார்த்து இந்தியர்களுக்கு மரியாதை போய்விடுமா. கைப்பிடி சுற்றுகிற பையனைக் கூப்பிட்டு, தம்பி, ஒரு சுற்றுக்கு எத்தனை படம் என்று கேட்கிற கமிட்டி இல்லை அது.

யாரும் கேட்காமலே மிஞ்சிய பதிவும் ஒன்று உண்டு. எங்கள் ஊர்க்காரர், எழுத்தாளர் புதுமைப்பித்தனின் கடைசி வேலையும் சினிமாதான். பாகவதர் ஜெயிலிலிருந்து வந்து எடுத்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுத பூனா போனார். பிரபாத் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. அங்கேதான் காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இறந்தார், படம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதே பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில்தான் 1960இல் திரைப்படக் கல்லூரி வந்தது. மார்த்தாண்ட வர்மா பெட்டி போய்ச் சேர்ந்த காப்பகமும் அதே ஊர். மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக இருக்கின்றன. ஒரு எழுத்தாளருக்கு சினிமா என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள அதைப் படித்தால் போதும். கணவன் மனைவி கடிதம் என்பதால் பிழைத்தது. சினிமாவுக்கென்று யாரும் சேர்த்து வைக்கவில்லை.

தமிழ் சினிமாவிலும் இப்படித் தேடிச் சேர்க்கிற வேலை பிறகு வந்தது. 1981இல் தியடோர் பாஸ்கரன் நாடகம், பாட்டு, சினிமா பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சிப் புத்தகம் போட்டார். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் தன் வீட்டையே காப்பகமாக்கினார். ஜெயா டிவியில் ‘திரும்பிப் பார்க்கிறேன்’ என்று பழைய நடிகர்களை உட்கார வைத்துப் பேச விட்டார்கள், நான் விடாமல் பார்த்தேன். அதற்குள் ஊமைப்படத்து ஆட்கள் ஒருவரும் மிச்சமில்லை. உட்கார்ந்தவர்கள் பேசும்படத்துக்காரர்கள்.

அப்பா 1988 ஆடியில் இறந்தார். கடைசி இரண்டு வருஷத்தில் எத்தனையோ சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். மறுபடி அந்தப் பேச்சு வரவில்லை, நான் இழுக்கவும் இல்லை. கம்போடு நின்று கதை சொன்னவர் பெயர் என்ன, அந்தக் கொட்டகை எந்தெந்த ஊருக்குப் போயிற்று, சண்டைக்கு மேளம் அடித்தவர் யார் வீட்டு ஆள், எதுவும் எனக்குத் தெரியாது. கூலி எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன். “சாப்பாடு போட்டாவ” என்றார்.

பேராசிரியரின் கேசட்டுகள் வெகுநாள் அவர் வீட்டு மர பீரோவில் இருந்தன. அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகள் அவற்றை என்னிடம் கொண்டுவந்து, ஏதாவது எடுக்க முடியுமா அண்ணாச்சி என்று கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே டேப் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. எங்கள் ஊர் ஐப்பசி மழைக்கு எந்தக் கேசட்டும் தாங்காது. இரண்டைக் கழற்றி, துடைத்து, வேறு கூட்டில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் முக்கால் மணி நேரம் வந்தது. இன்னொன்றில் மேலே யாரோ ஒரு கல்யாணத்தைப் பதிந்திருந்தார்கள். அந்தத் தொடரில் இருக்கிற படத் துண்டுகளின் உரிமை ஆளுக்கொரு கம்பெனியிடம் கிடப்பதால் டிவிடி காலத்தில் அது முறையாக வெளிவரவே இல்லை. அதனால் அந்த முக்கால் மணி நேரத்தைப் பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தேன், எனக்கும் ஒன்று வைத்துக்கொண்டேன்.

கடையை மூடி நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் பேரன் யூடியூபில் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் மிஞ்சியிருக்கிற துண்டைப் போட்டுக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் பார்க்கச் சொன்னார்களாம். 1913 படம். ராஜாவும் ராணியும் எறும்பு மாதிரிக் குடுகுடுவென்று ஓடினார்கள், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மொபைலை வாங்கினேன். ஓரத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தொட்டால் வேகம் மாற்றலாம். 0.75 என்று வைத்தேன். இருபத்து நாலில் முக்கால் பதினெட்டு. அப்பா கணக்குக்கு இரண்டு படம் கூடுதல்தான், ஆனாலும் பக்கத்தில் வந்துவிட்டது.

“ஏன் தாத்தா ஸ்லோவா வச்சீங்க?”

“ஸ்லோ இல்லல. பாரு.”

ராஜா திரும்பி ராணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நம் தெருவில் ஒருவர் நடக்கிற மாதிரி நடந்து போனார். என் வலது கை மடியில் கிடந்தபடியே சுற்றிக்கொண்டிருந்ததைப் பேரன்தான் பார்த்துச் சொன்னான்.